ஏடு பெயர்த்தலும் இறுவட்டும்

(ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில், தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் கூடிய சபையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய வீடியோ நாடாக்களையும் புகைப்படங்களையும் இறுவட்டில் ஏற்றுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைப் பணித்திருக்கிறார்கள். எந்த வயரை எந்தத் துளையில் சொருகுவது என்பதைக் கடைக்காரர் பத்து நிமிஷத்தில் காட்டிவிடுவார். அதற்காக ஒருவனை மாலை போட்டு மேடையில் ஏற்ற வேண்டியதில்லை. எனவே, அந்தப் பத்து நிமிஷத்தையும் இடையில் எங்கேயாவது செருகிக்கொண்டு, இந்தக் காரியம் நமக்குப் புதியதல்ல, நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான் என்ற என் அபிப்பிராயத்தை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஓலைச் சுவடிக்கு ஆயுள் சொற்பம். செல்லும் பூச்சியும் தின்றது போக, நம் நாட்டு வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்க, இருநூறு முந்நூறு வருஷம் தாங்கிய ஏடு பெரும் பாக்கியசாலி. அப்படியிருந்தும் இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டு நம் கைக்கு எப்படி வந்தது? ஏடு உதிர்வதற்கு முன்னே யாரோ ஒருவர் அதைப் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினார்; அது நொறுங்குமுன் இன்னொருவர் எழுதினார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து திரட்டியவையெல்லாம் பிரதிக்குப் பிரதிக்குப் பிரதிதான். மூலக்கவிஞன் கைப்பட்ட ஓலையை எவரும் கண்டதில்லை. அந்தப் பெயர்த்தெழுதியவர்கள் ஒரு வழக்கத்தைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நூல் முடிந்த இடத்தில், இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன நாள், இன்னாருடைய ஏட்டைப் பார்த்து இன்னார் எழுதி முடித்தார் என்று குறித்து, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி படிப்பவரைக் கேட்டுக்கொள்வார்கள். எழுதியவர் பெயர் நமக்கு எதற்கு என்று அலட்சியமாக நினைக்கலாம். ஆனால் அந்த நாலு வரியை வைத்துத்தான் ஏட்டின் வயதும், ஊரும், நம்பகமும் பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவந்தன.

இந்தக் கதையில் ஜேர்மனிக்கும் ஒரு பங்குண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜேர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, அங்கிருந்த எழுத்தர்களைக் கூலிக்கு அமர்த்தித் தமிழ் நூல்களைப் பிரதி செய்வித்து, 1708இல் தம்மிடம் சேர்ந்த சுவடிகளுக்கு ஒரு விவரப் பட்டியலும் எழுதினார். அவருடைய திருச்சபையார் அனுப்பிய தமிழ் ஓலைகள் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனத்தில் இன்றும் இருக்கின்றன. ஆகவே தமிழ்ப் பிரதி ஒன்று கப்பலேறி இந்தக் குளிர்தேசத்து அலுமாரியில் உட்காருவது, நாம் பெட்டியும் கையுமாக வந்த பிறகு தொடங்கிய வழக்கமன்று.

ஓலையை விட்டு நாடாவுக்கு வருவோம். டிரெஸ்டன் நகரில் பிரிட்ஸ் புளோய்மர் என்றொருவர் இருந்தார். சிகரெட் நுனியில் பொன்னிறப் பட்டை ஒட்டும் உபாயத்தில் கைதேர்ந்தவர். காகிதத்தில் பொன்னிறத் தூளை ஒட்ட முடியுமானால் இரும்புத் தூளை ஒட்ட முடியாதா என்று யோசித்து, அப்படி ஒட்டிய காகித நாடாவில் ஒலியைப் பதியவைத்து, 1928இல் அதற்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். பின்னர் ஏ.ஈ.ஜி. என்ற மின்சாரக் கம்பெனி யந்திரத்தையும், லூட்விக்ஸ்ஹாபனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலை நாடாவையும் செய்ய, 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் அது ஜனங்களுக்குக் காட்டப்பட்டது. நாம் இன்று பெட்டி பெட்டியாக வைத்திருக்கும் வீடியோ நாடாவும் அதே வமிசத்துப் பிள்ளைதான். பிளாஸ்ரிக் பட்டையில் பசை, பசையில் இரும்புத் துருவுக்கு உறவான ஒரு பொடி, அவ்வளவே. நம் வீட்டுக் கல்யாணங்களும் சாமத்தியச் சடங்குகளும் துருவில் எழுதப்பட்டிருக்கின்றன என்று சொன்னால் சிலருக்கு மனம் கூசக்கூடும். ஆனால் உண்மை அதுதான். அந்தப் பசை காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிப் பிசுபிசுக்கும்; நிலவறையில் வைத்தால் வெண்பூஞ்சணம் பூக்கும். இந்த நாட்டில் நம்மவர்கள் எல்லாப் பழம்பொருளையும் நிலவறையிலேதான் வைக்கிறோம்.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து இங்கே வந்த நம்மவர்கள், பலர் கிழக்குப் பேர்லின் ஷோனெபெல்டு விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்குப் பேர்லினுக்குள் புகுந்தவர்கள், கைப்பையில் கொண்டுவந்த படங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும்: அம்மா அப்பா ஸ்ரூடியோவில் நின்றெடுத்த ஒன்று, பாடசாலை வகுப்புப் படம் ஒன்று. 1986இல் அந்த வழி அடைபட்டது. பிறகு ஊரிலிருந்து வந்தவை கடிதமும் வீடியோ கசெற்றும். இன்னார் வீட்டில் கசெற் வந்திருக்கிறது என்றால் ஒரு சனிக்கிழமை இரவு இருபது பேர் அங்கே கூடிவிடுவார்கள். கல்யாணம் யாருடையது என்பதுகூட முக்கியமல்ல, பின்னால் தெரியும் வேலியும் கிணற்றடியும் தம்முடைய ஊருடையவையா என்பதே பார்வையாளரின் விசாரமாக இருக்கும்.

அந்த நாளில் ஒரு விநோதமான இடையூறும் இருந்தது. ஹனோவரில் வால்டர் புரூஹ் என்ற பொறியியலாளர் வகுத்த பால் என்னும் வர்ணத் தொலைக்காட்சி முறை, 1967 ஓகஸ்ட் 25இல் பேர்லினில் வில்லி பிராண்ட் ஒரு பொத்தானை அமுக்க, இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலும் அதுவே, லண்டனிலும் அதுவே. பிரான்ஸுக்கு வேறொரு முறை, கனடாவுக்கு மற்றொரு முறை. பாரிஸிலிருந்து சின்னண்ணன் அனுப்பிய பிறந்தநாள் கசெற் இங்கே கறுப்பு வெள்ளையாக ஓடும். ரொறன்ரோவிலிருந்து பெரியண்ணன் அனுப்பியது, அங்கே நொடிக்கு முப்பது படமும் இங்கே இருபத்தைந்து படமுமாக இருப்பதால், பேய் பிடித்ததுபோல் உருளும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று தேசங்களுக்குப் பிரிந்தது போதாதென்று மூன்று தொலைக்காட்சி முறைகளுக்குள்ளும் பிரிந்துபோனார்கள். இறுவட்டு செய்த நன்மைகளில் முதலாவதாக நான் கருதுவது, அந்தச் சுவரை அது ஏறக்குறைய இடித்துவிட்டது என்பதைத்தான்.

என் சொந்த வீட்டுக் கசெற் ஒன்றைப் பற்றிச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 1988இல் ஊரில் அக்காவுக்குக் கல்யாணம். நான் அப்போது இங்கே அகதி விடுதியில், போக வழியில்லை. ஆறு மாதம் கழித்துக் கல்யாணத்தின் கசெற் வந்தது. மூன்று மணி நேர நாடா. முதுகுத் தாளில் நீலப் பேனாவால் அப்பா தம் கையெழுத்தில் ‘மகளின் விவாகம்’ என்று எழுதி, கீழே கோடிட்டிருந்தார். கசெற்றின் முதுகு மூலையில் ஒரு சிறு பிளாஸ்ரிக் நாக்கு இருக்கும். அதை முறித்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. நான் முறிக்கவில்லை. 1990 யூலை 8ஆம் திகதி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று இரவு வேலைக்குப் போகவேண்டியிருந்த என் அறைத் தோழர், கைக்கு அகப்பட்ட நாடாவை வீடியோ டெக்கில் போட்டு, ஆட்டத்தைப் பதியவிட்டுப் போனார். அதனால் என் அக்காவின் தாலி கட்டு முடிந்து, முதற்பந்திக்கு வாழையிலை விரிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், திடீரென்று ரோமாபுரி மைதானம் தோன்றுகிறது, எண்பத்தைந்தாவது நிமிஷத்தில் பிறேமே பெனால்டி அடிக்கிறார், ஜேர்மனி ஜெயிக்கிறது. பந்தியில் உண்டவர்கள் யார், பரிமாறியவர்கள் யார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தோழர்மீது குற்றமில்லை, நாக்கை முறிக்காதவன் நான்.

எஞ்சியது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்திலும் பெரும்பகுதி ஊமை. ஊமை என்று ஏன் சொல்கிறேனென்றால், அக்காலத்துக் கல்யாண வீடியோக்காரர்கள் படத்தைத் தொகுக்கும்போது உண்மையான சத்தத்தை அழித்துவிட்டு அதன்மேல் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். அதை ஒரு நாகரிகமாகவே நாம் மதித்து, அதற்குத் தனியாகப் பணமும் கொடுத்தோம். மாமன்மார் வாயசைக்கிறார்கள், பெண்கள் சிரிக்கிறார்கள், கேட்பதோ பின்னணிப் பாடகரின் குரல். இன்று அந்தப் பாட்டு வேண்டிய இடத்திலெல்லாம் கிடைக்கிறது. அந்தச் சிரிப்பு எங்கும் கிடைக்காது. ஆனால் தெய்வாதீனமாக, என் கசெற்றில் நடுவே ஏழு நிமிஷத்துக்குப் பாட்டு இல்லை. தொகுத்தவர் அசந்துவிட்டாரோ, கையிலிருந்த பாட்டு முடிந்துவிட்டதோ. அந்த ஏழு நிமிஷத்தில் விசேஷமாக ஒன்றும் நடப்பதில்லை. முற்றத்தில் ஜெனறேற்றர் இரைகிறது. யாரோ குடத்துடன் போகிறார். வெளிச்சக்காரப் பையன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வர, திண்ணையில் இருந்த என் அம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “தம்பி, உந்த லைற்றைக் கொஞ்சம் அங்கால பிடியப்பு, கண் கூசுது” என்கிறார். அவர் குரல் இவ்வுலகத்தில் எஞ்சியிருக்கும் இடம் அது ஒன்றே.

சில வருஷங்களுக்குப் பின், நாடாவை இறுவட்டில் ஏற்றித் தருகிறோம் என்ற ஒரு கடையில் கொடுத்தேன். அழகான உறை, பூமாலை போட்ட படம், வட்டின்மேல் பளபளக்கும் ஒட்டுத்தாள் எல்லாம் இருந்தன. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் அந்த ஏழு நிமிஷம் இல்லை! கேட்டதற்கு, “அதிலை ஒண்டும் இல்லை அண்ணை, பாட்டும் இல்லை, அதுதான் வெட்டினாங்கள்” என்று உபகாரம் செய்த பாவனையில் பதில் வந்தது. இன்னும் சில வருஷத்தில் அந்த ஒட்டுத்தாளின் ஓரம் கிளம்பி, வட்டு சுழலும்போது தடுமாறி, கடைசியில் எந்த யந்திரமும் அதை வாசிக்க மறுத்துவிட்டது. நல்லவேளையாகப் பழைய நாடாவை நான் எறியவில்லை. இரண்டாம் முறை நானே உட்கார்ந்தேன்.

இனி, வாக்களித்த பத்து நிமிஷம். நாடாவைக் கையில் எடுத்தவுடன் அந்தப் பிளாஸ்ரிக் நாக்கை முறித்துவிடுங்கள். நிலவறைக் குளிரிலிருந்து எடுத்ததை ஒரு நாள் வீட்டுச் சூட்டில் வைத்து, பூஞ்சணம் இருக்கிறதா என்று கசெற்றின் ஜன்னல் வழியே பாருங்கள். இருந்தால் டெக்கில் போடக் கூடாது, அது டெக்கையும் அடுத்த நாடாவையும் கெடுக்கும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையெனில் ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள். வருஷக்கணக்கில் அசையாமல் இருந்த நாடா அதனால் இளகும். நல்ல டெக் கிடைப்பது அரிதாகிவருகிறது. வீடியோ டெக் செய்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் பூனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது. டெக்கிலிருந்து கணினிக்குப் போகும் வழியில் ஒரு மாற்றுப் பெட்டி வேண்டும். மூன்று மணி நேர நாடா மூன்று மணி நேரம் ஓடித்தான் தீரும். இதில் குறுக்கு வழி இல்லை. ஒரு டிவிடி வட்டில் 4.7 ஜிகாபைட் கொள்ளும், நல்ல தரத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதற்குமேல் நெருக்கித் திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். நாம் வீட்டில் எழுதும் வட்டில் ஒளியை வாங்கிக்கொள்வது ஒரு சாயப் பூச்சு. சாயம் வெயிலில் வெளிறும் என்பதைச் சேலை உடுத்தும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் இருட்டில், நிமிர்த்தி, ஒட்டுத்தாள் ஒட்டாமல் வையுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் சகோதரரிடம், ஒன்று கணினிக்கான வன்தட்டில். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை புதியதற்குப் பெயர்த்துவிடுங்கள். புகைப்படமானால், படத்தைவிட நெகட்டிவை ஸ்கேன் செய்வது மேல். படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து அங்கேதான் இருக்கிறது.

ஓலையைப் போலவே வட்டும் சாகும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். 1982 ஓகஸ்ட் 17இல், இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஹனோவருக்குப் பக்கத்து லாங்கன்ஹாகன் தொழிற்சாலையில் முதல் இசை வட்டுகள் அச்சாகி வெளிவந்தபோது, இது சாசுவதமான பொருள் என்று ஜனங்கள் நம்பினார்கள். இன்று வாங்கும் கணினிகள் பலவற்றில் வட்டுப் போடும் வாயே இல்லை. இந்நாட்டு அரசாங்கம் தன் அரிய ஆவணங்களைக் காப்பாற்ற என்ன செய்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிரைபுர்க் நகருக்கு அருகே, கருங்காட்டு மலையில், பழைய சுரங்கம் ஒன்றை 1975 முதல் களஞ்சியமாக்கி, மைக்ரோபிலிம் சுருள்களைத் துருப்பிடிக்காத எஃகுப் பீப்பாய்களில் அடைத்து வைத்திருக்கிறார்கள். பார்பரா சுரங்கம் என்று பெயர். கொலோன் தேவாலயத்துக் கட்டட வரைபடமும் 1648ஆம் ஆண்டு வெஸ்ட்பாலிய உடன்படிக்கையும் அங்கே படமாக உறங்குகின்றன. அந்தச் சுருளை வாசிக்கக் கணினி வேண்டியதில்லை; ஒரு விளக்கும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். கொலோன் நகரத்து ஆவணக் காப்பகம் 2009 மார்ச் 3இல், பக்கத்தில் சுரங்க ரயில் வேலை நடக்கையில், இடிந்து மண்ணுக்குள் போய் இருவர் மாண்டபோது, பிரதி எடுத்து வைத்ததன் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று. நமக்கு அதை ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்தபோது, ஏறக்குறைய 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின.

ஆனால் பிரதி இருந்தும் பொருள் போய்விடுவது உண்டு. இந்த ஊரில் சனிக்கிழமைகளில் கூடும் பழம்பொருட் சந்தைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். ஜேர்மானியர் அதைத் தெள்ளுச் சந்தை என்கிறார்கள், தெள்ளுப்பூச்சியின் பெயரால். அங்கே காலணிப் பெட்டி ஒன்றில் குடும்பப் படங்களைக் குவித்து வைத்திருந்தார் ஒரு கிழவர். நான் சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு நேர்த்தியான படங்கள்! கடற்கரையில் ஒரு தாய், மடியில் குழந்தை. ஒரு பையன் முதல் நாள் பள்ளிக்கூடம் போகும்போது கையில் கூம்பு வடிவ மிட்டாய்ப் பொதி. பின்புறத்தில் பென்சிலால் ஒரு வருஷம் மட்டும். பெயரில்லை. படம் ஒரு கீறலுமின்றி இருக்கிறது. அந்தப் பையன் யாரென்று சொல்ல ஆளில்லாததால் விலை ஐம்பது சதம். நாற்பது வருஷம் கழித்து நம் வீட்டு வட்டுகளும் அதே பெட்டிக்குத்தான் போய்ச் சேரும் என்ற எண்ணத்தோடு அன்று நான் வீடு திரும்பினேன்.

அதற்கடுத்த வாரம், எண்பது வயது தாண்டிய என் பெரியம்மாவை ஹம் நகரிலிருந்து அழைத்துவந்தேன். 2002 யூலையில் அங்கே காமாட்சி அம்பாளுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததிலிருந்து தேருக்குத் தேர் நாங்கள் எடுத்த நாடாக்களும் ஒரு பெட்டி இருந்தன. அவற்றைப் பிறகு பார்ப்போமென்று ஒதுக்கிவிட்டு, அக்காவின் கல்யாண நாடாவை ஓடவிட்டு, கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்து அவர் சொல்வதை முழுக்கப் பதிவு செய்தேன். வழக்கமாகப் பேச்சுக்குப் பேச்சு மறதி என்று முறையிடுபவர், தொலைக்காட்சியில் முற்றம் தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “உவர் சங்கக்கடை மனேச்சர். உவ ஆர் தெரியுமே, உன்ரை கொம்மாவோடை படிச்சவ. அடுத்த வரியமே செத்துப் போனா. உந்தப் பெடியன்... உந்தப் பெடியன்ரை கதையைப் பிறகு சொல்லுறன்.” ஒரு மணி நேர நாடாவைப் பார்த்து முடிக்க எங்களுக்கு நாலு பின்னேரங்கள் சென்றன. மாப்பிள்ளை பெண்ணைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஓரத்தில் நின்றவர்களைப் பற்றியே பேசினார்.

அவர் குரலையும் சேர்த்துப் புதிய வட்டை எழுதி முடித்த பிறகு, பழைய ஏட்டுக்காரர்களின் முறையை நினைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்து, பேனாவால் எழுதி, உறைக்குள் மடித்து வைத்தேன். அதை அப்படியே வாசித்துவிட்டு அமர்கிறேன்.

‘1988ஆம் ஆண்டு ஊரில் நடந்த விவாகத்தின் ஒளிநாடா. ஒரு மணி நேரம் எஞ்சியது. தாலி கட்டுக்குப் பின் வருவது உதைபந்தாட்டம். அது தம்பியின் கவனக்குறைவு. நாடாவிலிருந்து வட்டுக்குப் பெயர்த்தவன் தம்பி. பார்த்துப் பெயர் சொன்னவர் பெரியம்மா. அவர் குரலும் இவ்வட்டில் உண்டு. இருபத்துமூன்றாம் நிமிஷம் முதல் முப்பதாம் நிமிஷம் வரை பாட்டு இல்லை, வெட்ட வேண்டாம். இருபத்தாறாம் நிமிஷத்தில் குடத்துடன் போகிறவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் இந்தத் தாளில் எழுதிச் சேர்க்கவும்.’